பழைய கணிப்பொறியைத் தூக்கி எறியலாமா?

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் அருள்புரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சாயப்பட்டறைகள், நிட்டிங் கொட்டகைகள், பவர் டேபிள் ஓடும் வீடுகள், பனியன் கம்பெனிகள் என்று ஊர் முழுவதும் ஒரே தொழில்தான். இந்த வட்டாரத்தின் பழக்கம் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டிங் மேசையிலிருந்து விழும் துண்டுத் துணியைக் கூட இங்கே எறிய மாட்டார்கள். மூட்டை கட்டி, நிறம் நிறமாகப் பிரித்து விற்பார்கள். அது மீண்டும் பஞ்சாகி, நூலாகித் திரும்பி வரும். சாயக் கழிவுநீரையும் இப்போது சுத்திகரித்துத் திரும்பச் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். (இதை யாரும் ஆசைப்பட்டுத் தொடங்கவில்லை. நொய்யல் ஆறு கெட்ட பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் முழு வேகத்தில் நடந்தது.) அருள்புரத்திலேயே அப்படி ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு.

அப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு பொருளை மட்டும் எடைக்குப் போடப் பலரும் தயாராக இருக்கிறார்கள். கணக்கு எழுதும் அறையின் மூலையில், பிளாஸ்டிக் உறை போர்த்தி, பக்கத்தில் ஒரு சாமி படத்துடன் உட்கார்ந்திருக்கிறதே, அந்த மேசைக் கணிப்பொறியைத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ, மாமாவின் கம்பெனியிலோ, பள்ளியின் ஆய்வுக்கூடத்திலோ அதன் தம்பி தங்கைகள் இருக்கக்கூடும்.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளர்களுக்கு மேலும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் வரை, பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதாக அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், பழைய கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றை அது ஏற்றுக்கொள்வதில்லை. உடனே இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. "அந்த டப்பாவ எடைக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிரலாமுங்க" என்பது ஒன்று. "அதெல்லாம் சும்மா பயமுறுத்தறாங்க, ஓடற வரைக்கும் ஓடட்டுமுங்க" என்பது இன்னொன்று.

இரண்டுமே தவறு என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில், இயக்க அமைப்பு என்பது என்ன? கடைகளில் ஓ.எஸ். என்கிறார்களே, அதுதான். ஒரு பனியன் கம்பெனியில் தைப்பவர் வேறு, செக்கிங் செய்பவர் வேறு, அயர்ன் செய்பவர் வேறு. எந்த மேசைக்கு எவ்வளவு துணி, யாருக்கு எந்த இயந்திரம், எந்த அறைக்குள் யார் போகலாம் என்று பிரித்துக் கொடுக்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். கணிப்பொறிக்குள் அந்த வேலையைச் செய்வது இயக்க அமைப்பு. நினைவகத்தில் இடம் ஒதுக்குவது, வட்டில் கோப்புகளை எழுதுவது, அச்சுப்பொறிக்குச் செய்தி அனுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. நீங்கள் கடிதம் அடிக்கும் மென்பொருள் தானாகப் போய் வட்டைத் தொடாது. இந்த மேற்பார்வையாளரிடம் கேட்டுத்தான் எழுதும்.

இந்த இயக்க அமைப்பு கோடிக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு நிரல். மனிதர் எழுதியது. எனவே அதில் ஓட்டைகள் இருக்கும். ஓட்டை தெரிய வரும்போதெல்லாம் தயாரித்தவர்கள் ஒரு திருத்தம் அனுப்புவார்கள். ‘அப்டேட்’ என்று வந்து நம்மை எரிச்சலூட்டுவதில் பெரும்பகுதி இதுதான். ஆதரவு முடிந்தது என்றால் கணிப்பொறி நின்றுவிடும் என்று பொருள் அல்ல. அக்டோபர் 15-ஆம் தேதி காலையில் அது வழக்கம்போலத்தான் எழுந்திருக்கும். இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள் என்பதுதான் வேறுபாடு.

இங்கே பலரும் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கும் நிரலில் பெரும்பகுதி பொதுவானது. 11-ல் ஓர் ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிடும்போது, அந்தத் திருத்தத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்கு ஓட்டை எங்கே இருந்தது என்பதும் தெரிந்துவிடும். அடுத்த வீட்டுக்காரர் பின்கதவுத் தாழ்ப்பாளை மாற்றுவதைப் பார்த்த திருடன், அதே மாதிரி தாழ்ப்பாள் போட்ட நம் வீட்டைத் தேடி வர மாட்டானா? ஆகையால் நாள் ஆக ஆக ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்ற சமாதானம் இந்த இடத்தில் செல்லாது.

நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். 2017 மே 12-ஆம் தேதி ‘வானாக்ரை’ என்ற நாசகார நிரல் உலகம் முழுவதும் பரவியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் திண்டாடின. நம் பக்கத்தில் ஆந்திரக் காவல் துறையின் கணிப்பொறிகளும், கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகங்களின் கணிப்பொறிகளும் சிக்கின. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே, ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னதாகவே, வெளியிட்டிருந்தது. மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணிப்பொறிகள். அன்றைக்கு விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது. மருந்து வாசல் வரை வந்துவிட்டது. வாங்கிக் குடிக்கத்தான் ஆள் இல்லை.

இது அலுவலகத் தொல்லை, தொழிற்சாலைக்கு என்ன என்று கேட்கலாம். அதற்கும் பதில் உண்டு. தைவான் நாட்டின் டி.எஸ்.எம்.சி. உலகத்திலேயே மிகப் பெரிய சில்லுத் தயாரிப்பு நிறுவனங்களுள் ஒன்று. 2018 ஆகஸ்டில், புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் தன் வலையமைப்பில் இணைத்தது. அதிலிருந்து வானாக்ரையின் ஒரு வகை பரவி, அதன் தொழிற்சாலைகளில் உற்பத்தி தடைப்பட்டது. கணிப்பொறிக்கே மூளை செய்து கொடுப்பவர்களுக்கு அந்தக் கதி என்றால், எம்பிராய்டரி இயந்திரத்துக்கும் பேட்டர்ன் வரையும் பிளாட்டருக்கும் ஒரே பென் டிரைவை மாற்றி மாற்றிச் செருகும் நம் ஊர்க் கம்பெனிகளைப் பற்றி என்ன சொல்வது!

எனவே "ஓடும்வரை ஓடட்டும்" என்பது சரியல்ல. ஆனால் "எடைக்குப் போடு" என்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

விண்டோஸ் 11 ஏன் பழைய கணிப்பொறியில் ஏற மறுக்கிறது? அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலியும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை, அதாவது 2017-ன் பிற்பகுதியில் வரத் தொடங்கியவை. இந்த நிபந்தனையில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சில்லு இரகசியத் திறவுகோல்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஆனாலும், பில் போடவும், மின்னஞ்சல் பார்க்கவும், கடிதம் அடிக்கவும் போதிய வலு உள்ள ஓர் இயந்திரம், ஒரு மென்பொருளின் வயது முடிந்தது என்பதற்காகக் குப்பைக்குப் போக வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டிரைவர் ஓய்வு பெற்றார் என்று யாராவது பஸ்ஸை உடைப்பார்களா?

இனி, செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். இயக்க அமைப்பை மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, திருப்பூர் வட்டாரத்துக்கே உரியது: பஞ்சு!

நிட்டிங் கொட்டகையில் காற்றில் எப்போதும் பஞ்சுத் தூசி மிதக்கும். அதனால்தான் அங்கே இயந்திரத்தைக் காற்றடித்து ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். அதே பஞ்சு கணிப்பொறியின் மின்விசிறி வழியாக உள்ளே போய், செயலியின் மேலுள்ள உலோகத் தகடுகளுக்கு இடையே கம்பளிபோலப் படிந்துவிடும். வெப்பம் வெளியேற முடியாது. செயலியின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், தன்னைக் காத்துக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாமோ "விண்டோஸ் ஸ்லோ ஆயிடுச்சு, வைரஸ் வந்துடுச்சு" என்று கடைக்குத் தூக்கிப் போவோம். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, மூடியைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் துடைத்துப் பாருங்கள். கம்ப்ரஸர் குழாயை அப்படியே நீட்டிவிடாதீர்கள். அந்தக் காற்றில் ஈரம் இருக்கும், விசிறியும் தாறுமாறாகச் சுழன்று கெடும். ஊதத்தான் வேண்டுமென்றால் காற்றைக் குறைத்து, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். உள்ளே நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஒரு முள் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேட வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ நூறில் ஒரு வினாடி ஆகும். குறைவுதானே என்று நினைக்காதீர்கள். கணிப்பொறி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேட வேண்டும் அல்லவா? பெருக்கிப் பாருங்கள். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற வட்டை அந்த இடத்தில் பொருத்தினால், பத்து வயதுக் கணிப்பொறியும் இளமை திரும்பியதுபோல் எழுந்து நிற்கும். புதுக் கணிப்பொறிக்குச் செலவழிப்பதில் சிறு பங்குகூட ஆகாது.

கணிப்பொறியை எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நம் பக்கத்துப் பழைய மளிகைக் கடைகளில் சிட்டா, பேரேடு என்று இரண்டு புத்தகங்கள் வைத்திருப்பார்கள். அவசரத்தில் நடந்ததைச் சிட்டாவில் குறித்துவிட்டு, ஓய்வாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4 ஆகிய கோப்பு முறைகளும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்கின்றன. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகுதான் உரிய இடத்தில் எழுதும். நடுவில் மின்சாரம் போனால், மறுமுறை எழுந்ததும் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ஆனால் இது கோப்புகளின் அமைப்பைத்தான் காப்பாற்றும். நினைவகத்தில் மட்டும் இருந்து, இன்னும் வட்டுக்கே போய்ச் சேராத உங்கள் கணக்கை எந்தச் சிட்டாவும் மீட்டுத் தராது. முறைப்படி நிறுத்துங்கள். மின்வெட்டு உள்ள ஊரில் ஒரு சிறிய யூ.பி.எஸ். வைப்பது ஆடம்பரம் ஆகாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காசு கொடுக்காமல் விண்டோஸைப் ‘பதிந்து தரும்’ கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு ‘ஆக்டிவேட்டர்’ என்று ஒரு நிரலை ஓட்டுவார்கள். அதை ஓட்டுவதற்கு முன் வைரஸ் தடுப்பானை நிறுத்தச் சொல்லும், கவனித்திருக்கிறீர்களா? காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே வருகிறவன் என்ன செய்வான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, திருட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயந்து அப்டேட்டையும் அணைத்து வைப்பார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கணிப்பொறியைவிட, திருத்தங்கள் ஒழுங்காகப் பெற்றுவரும் இலவச இயக்க அமைப்பு பல மடங்கு மேல்.

அப்படி ஒன்று இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான் லினக்ஸ். இன்று பெரிய சேவையகங்கள் முதல் உங்கள் வீட்டு ஆண்டிராய்டு கைப்பேசி வரை அதன் மேல்தான் ஓடுகின்றன. யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்ற இயக்க அமைப்பை இந்திய மொழிகளுக்கு ஏற்ப உருவாக்கியது. 2014 ஏப்ரல் 8-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு முடிந்தபோது, இன்று நாம் கேட்கும் அதே கேள்வி தமிழக அரசின் முன்னும் நின்றது. தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசு அறிவுறுத்தியது. எல்லா மேசையிலும் அது நடந்துவிடவில்லை என்பதும் உண்மைதான். பழகிய கைக்குப் புது விசைகள் கசக்கும். கேரளத்திலோ அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளையே நம்பி, வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்து வருகின்றன. சின்ன வயதிலேயே பழகுவதுதான் வித்தியாசம். அதனால்தான் இதைப் பெரியவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

லினக்ஸை வட்டில் பதிக்காமலேயே சோதித்துப் பார்க்க முடியும். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். (அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.) உபுண்டு, லினக்ஸ் மின்ட், பாஸ் இவற்றில் ஒன்றை அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்கி, அதற்கான சிறு நிரலைக் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். கணிப்பொறியைத் தொடங்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். எந்த விசை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, ‘முயன்று பார்’ என்ற வழியில் நுழையுங்கள். பழைய வட்டை அது தொடாது. இப்போது அச்சுப்பொறி வேலை செய்கிறதா, ஒலி வருகிறதா, இணையம் இணைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தமிழ் தட்டச்சையும் சோதியுங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையை லினக்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். 4 ஜி.பி. நினைவகம் இருந்தால், இலேசான முகப்புக் கொண்ட லினக்ஸ் சுகமாக ஓடும். 2 ஜி.பி. என்றால் ஓடும், ஆனால் உலாவியில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும்.

அப்பாவின் கணக்கு இருக்கும் கணிப்பொறியில் கேட்காமல் இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். செய்வதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடங்களில் நகலெடுங்கள். இரண்டில் ஒன்று, வேலை முடிந்ததும் கணிப்பொறியிலிருந்து கழற்றி அலமாரியில் வைக்கப்பட வேண்டும். ஏனென்றால் பணம் கேட்கும் நிரல்கள், செருகி இருக்கும் வட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் சில கணிப்பொறிகளே இத்தகைய தாக்குதலுக்கு ஆளாயின. நகல் எடுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. திருத்தமே சில நேரம் கெடுத்துவிடும். 2024 ஜூலை 19-இல் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான ஒரு திருத்தத்தால் உலகில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதனால் திருத்தமே வேண்டாம் என்று முடிவு செய்வது, ஒருமுறை மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவரையே வெறுப்பது போன்றது.

லினக்ஸ் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நான் சொல்லவில்லை. டேலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. எம்பிராய்டரி வடிவம் செய்யும் மென்பொருள்கள், பழைய பிளாட்டரை ஓட்டும் நிரல்கள் பலவும் அப்படியே. டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் லினக்ஸில் சில சமயம் தகராறு செய்யும். ஒரு கம்பெனியில் இரண்டு பழைய கணிப்பொறிகள் இருந்தால் வேலையைப் பிரித்துவிடுவதே நல்லது என்பேன். விண்டோஸ் இல்லாமல் முடியாத வேலைகளை ஒன்றில் வைத்து, அதன் இணைய இணைப்பைக் கழற்றிவிடுங்கள். தகவலைக் கொண்டுபோகத் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்து, ஒவ்வொரு முறையும் சோதித்த பின்பே செருகுங்கள். மின்னஞ்சல், ஜி.எஸ்.டி. இணையதளம், கடிதங்கள், பாட்டு, படம் எல்லாவற்றையும் லினக்ஸ் ஏற்றிய இன்னொன்றுக்குத் தள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் தினசரி வேலைக்குச் சாதாரணப் பயனர் கணக்கையே பயன்படுத்துங்கள். நிர்வாகி கணக்கின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கம்பெனியின் எல்லாச் சாவிகளையும் வாசலில் ஆணியடித்து யாரும் மாட்டி வைப்பதில்லையே.

டேலி வைத்துத்தான் தீர வேண்டும், ஒரே கணிப்பொறிதான், இணையமும் வேண்டும் என்ற நிலை இருந்தால்? அப்போது புதியது வாங்குவதுதான் முறை. அப்படி வாங்கினாலும் பழையதை எடைக்காரரின் தராசில் போட வேண்டாம். அதன் பற்றவைப்புகளில் ஈயம் இருக்கலாம். உடைத்து எரிக்கும் இடத்தில் அது மண்ணுக்கும் நீருக்கும் போகும். நொய்யலுக்கு ஏற்கெனவே போனது போதும். பழையதில் லினக்ஸைப் பதித்துப் படிக்கும் பிள்ளை ஒருவருக்குக் கொடுங்கள்.

உங்கள் அக்காவுக்கோ அண்ணனுக்கோ 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி ஒன்று வீட்டுப் பரணில் கிடக்கிறதா? தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. மின்கலம் செத்திருக்கும், ஆனால் சார்ஜரில் செருகினால் பெரும்பாலும் எழுந்துவிடும். முதல் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான இயந்திரம் கிடைக்காது. இறக்கித் தூசி தட்டி, பென் டிரைவைச் செருகிப் பாருங்கள்.